பகலில் பொன், இரவில் பலகாரம்

ஒரு நகரத்தை அறிய விரும்புவோர் அதன் கோயிலையும் கோட்டையையும் கண்டுவிட்டால் போதும் என்று எண்ணுவது வழக்கம். இரவு பதினொரு மணிக்கு மேல் அந்நகரின் எந்தத் தெருவில் அடுப்பு எரிகிறது என்பதையும் பார்த்தல் வேண்டும் என்பது நம் கருத்து. இரவில் உழைப்பவர் யார், அவர்களுக்கு உணவளிப்பவர் யார், அவ்விருவரையும் ஊர் எவ்வாறு நடத்துகிறது என்னும் மூன்று செய்திகளும் அந்த அடுப்பின் வெளிச்சத்தில் தெரிந்துவிடும்.

ஆலையில் இரண்டாவது ஷிப்டு முடிந்து வருபவர், கடைசி ரயிலில் இறங்குபவர், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருப்பவர், டாக்ஸி ஓட்டுபவர், காவலுக்கு நிற்பவர் ஆகியோர் வீட்டு அடுப்பை நம்பி இருக்க முடியாது. ஓட்டல்கள் கதவடைத்த பிறகு இவர்களுக்குக் கதி தெருவோரத்துத் தள்ளுவண்டியே. பிழைப்பை நாடி வெளி மாநிலங்களுக்கு வந்த நம் குடும்பங்களில் அவ்வண்டியின் முன்னால் நின்று உண்டவர்களும் உளர். அதன் பின்னால் நின்று விற்றவர்களும் உளர். ஆகவே இரவு நேரத் தெருக்கடைக்கு நகராட்சி எவ்வாறு அநுமதி வழங்குகிறது என்பது நமக்குப் புறம்பான செய்தியன்று. அகமதாபாத், இந்தூர், மும்பை ஆகிய மூன்று நகரங்களின் இரவுக் கடைத்தெருக்களில் கண்டவற்றையும், அவற்றை ஆளும் சட்டத்தைப் பற்றி அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

ஒரு சதுக்கம், மூன்று சந்தைகள்

அகமதாபாத் 1411ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷா நிறுவிய நகரம். மதில் சூழ்ந்த அதன் பழைய பகுதியை 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக ஏற்றுக்கொண்டது. அப்பழைய ஊரின் நடுவே இருப்பது மாணெக் சௌக். மாணெக்நாத் என்னும் துறவியின் பெயரால் அச்சதுக்கம் வழங்குகிறது. அதன் ஒரு பக்கத்தில் அகமது ஷாவின் சமாதியும், மறுபக்கத்தில் அவன் குலத்து அரசியரின் சமாதியும் உள்ளன. நகரைக் கட்டியவன் உறங்கும் இடத்துக்கு அருகிலேயே நகரம் இரவெல்லாம் விழித்திருக்கிறது.

காலையில் இங்குக் காய்கறி விற்கிறார்கள். பொழுது ஏறியதும் தங்கமும் வெள்ளியும் கைமாறுகின்றன. மாலையில் நகைக்கடைகள் பூட்டப்பட்ட பின்னர், எங்கிருந்தோ மேஜைகளும் நாற்காலிகளும் அடுப்புகளும் வந்து சேர்கின்றன. சிறிது நேரத்தில் சதுக்கம் முழுவதும் உணவுக்கடை ஆகிவிடுகிறது. நள்ளிரவு கடந்தும் கூட்டம் குறைவதில்லை. பாவ் பாஜியும் குல்பியும் வெண்ணெய் சொட்டும் சாண்ட்விச்சும் அங்குப் பெயர் பெற்றவை. நம் தோசையும் அங்கு உண்டு. ஆனால் அதன் பெயர் ‘குவாலியர் தோசை’. பாலாடைக்கட்டியும் மசாலாவும் மேலே குவிந்திருக்க, அடியில் கிடப்பது நம் வீட்டுப் பண்டந்தானா என்று ஐயுற்றுத்தான் உண்ண வேண்டியிருக்கிறது. வெளியூருக்குப் போன பிள்ளை அவ்வூர் உடையை அணிந்துகொள்வது போலத் தோசையும் குஜராத்தி உடை தரித்துவிட்டது!

மாணெக் சௌக் வெறும் தீனிக்குப் பெயர் பெற்ற இடம் அன்று. தெரு வியாபாரிகளின் உரிமை வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. 1972ஆம் ஆண்டில் இலா பட் அம்மையார் தொடங்கிய ‘சேவா’ என்னும் சுயதொழில் மாதர் சங்கம், இச்சதுக்கத்தில் கூடையும் கையுமாக அமரும் காய்கறிப் பெண்களுக்காக 1980களில் உச்சநீதிமன்றம் வரை சென்று வழக்காடியது. தலைமுறை தலைமுறையாக அமர்ந்த இடத்தில் தங்களை ஆக்கிரமிப்பாளர் என்று விரட்டலாகாது என்பதே அப்பெண்களின் வாதம். இன்று அச்சதுக்கத்தின் வழக்கத்தைக் கண்டு வியக்கும் நாம், அவ்வழக்கம் தானாக நிலைத்துவிடவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். படிப்பறியாத பலர் நீதிமன்றப் படியேறியதால் அது நிலைத்தது.

நகைக்கடைத் திண்ணையில் ஜிலேபி

அகமதாபாத்திலிருந்து கிழக்கே மாளவப் பீடபூமிக்கு ஏறினால் இந்தூர் வருகிறது. ஹோல்கர் மன்னர்களின் ஊர். ஏழடுக்கு மாளிகையான ராஜவாடாவுக்கு அருகிலேயே சராபா கடைத்தெரு உள்ளது. ‘சராபா’ என்றால் பொன், வெள்ளி வாணிபம் நடக்கும் இடம். பகலில் அத்தெருவுக்குச் சென்றவர் கண்ணாடிப் பெட்டிகளில் வளையலும் மாலையும் மட்டுமே காண்பர். இரவு எட்டு, ஒன்பது மணிக்குக் கடைகள் அடைக்கப்பட்டதும் அதே கடைகளின் முன்திண்ணைகளில் எண்ணெய்ச் சட்டிகள் ஏறுகின்றன. நள்ளிரவுக்குப் பின் ஒரு மணி, இரண்டு மணி வரையில் தோளோடு தோள் உரசாமல் நடக்க இயலாது.

சோளக் கதிரைத் துருவி, நெய்யும் பாலும் சேர்த்துக் கிளறிய ‘புட்டே கா கீஸ்’ இவ்வூருக்கே உரியது. மாரிக்காலத்துக்குப் பின் குளிர் தொடங்கியதும் ‘கராடு’ என்னும் வள்ளிக்கிழங்கு வகையைப் பொரித்து மசாலா தூவித் தருகிறார்கள். மால்புவாவும், தட்டளவு பெரிதான ஜிலேபியும், ஜவ்வரிசிக் கிச்சடியும் வேண்டுமளவு கிடைக்கும். குழந்தைகளும் முதியோரும் அடங்கிய குடும்பங்கள் நள்ளிரவில் அச்சமின்றி வந்து உண்டு திரும்புவதை அங்கு கண்டோம்.

நகைக்கடைத் தெருவில் உணவுக்கடை ஏன் வந்தது? இரவில் தெரு வெறிச்சோடிக் கிடந்தால் திருடருக்கு வசதி; ஆள் நடமாட்டம் இருந்தால் பூட்டுக்குக் காவல் என்று பழைய வணிகர்கள் கருதினார்கள் என்று ஊரார் கூறுகின்றனர். காரணம் எதுவாயினும் ஏற்பாடு நல்லதே. வணிகருக்குக் காவல், சமையற்காரருக்கு இடம், ஊராருக்கு உணவு. மூவருக்கும் பயன் உண்டு; ஒருவருக்கொருவர் இடையூறு இல்லை. அவ்விடத்தைப் பங்கிட்டுக் கொடுத்தது கடிகாரம்.

எனினும் சராபாவிலும் பிணக்கு எழாமல் இல்லை. கடைகள் பெருகின, சமையல் வாயு உருளைகள் பெருகின, குறுகிய தெருவில் தீப்பிடித்தால் வண்டி நுழைய வழியில்லை என்று அண்மை ஆண்டுகளில் நகை வணிகர்கள் முறையிட்டனர். உணவுக்கடைகளை வேறிடத்துக்கு மாற்றுவதா, எண்ணிக்கையைக் குறைத்துப் பழைய பண்டங்களை மட்டும் அநுமதிப்பதா என்று மாநகராட்சி ஆராய வேண்டியதாயிற்று. இம்முறையீட்டைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. எண்ணெய் கொதிக்கும் தெருவில் தீயைப் பற்றிய அச்சம் நியாயமானதே. வழக்கம் மட்டும் இருந்து எழுதிய ஒழுங்கு இல்லாதபோது, கடை எண்ணிக்கை எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வார் இல்லாமற் போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாட்டின் தூய்மைக் கணக்கெடுப்பில் 2017 முதல் 2023 வரை தொடர்ந்து ஏழு முறை முதலிடம் பெற்ற ஊர் இந்தூர். இரவுக் கடைத்தெரு இருந்தால் ஊர் அசுத்தமாகும் என்போருக்கு இது ஒரு விடை. கடைகள் கலைந்த பின்னர் இரவிலேயே தெருவைப் பெருக்கிக் கழுவும் ஏற்பாடு இருந்தால், விடிந்ததும் அங்குப் பொன் விற்கத் தடையில்லை.

பத்து மணிக்கு முடியும் காகிதம்

இனி, நம்மவர் பெருந்தொகையாக வாழும் மும்பைக்கு வருவோம். இங்கும் இரவுக் கடைத்தெருக்கள் உண்டு. ரம்ஜான் மாதத்தில் முகம்மது அலி சாலையிலும் மினாரா மசூதியை ஒட்டிய சந்துகளிலும் விடியற்கால உணவுவரை அடுப்புகள் அணைவதில்லை. ரயில் நிலையங்களின் வாசலிலும் மருத்துவமனைகளின் எதிரிலும் வடா பாவும் முட்டை புர்ஜியும் நெடுநேரம் கிடைக்கின்றன. சைக்கிளில் தேநீர்ப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு நள்ளிரவில் சுற்றுவோரும் உளர்.

நம்மவரின் இரவு வேறு விதம். தாராவியின் சந்துகளில், ஊர் உறங்கும் நேரத்தில் மாவு பொங்குகிறது. விடிவதற்கு நெடுநேரம் முன்பே இட்டலிப் பானைகள் ஆவி கக்குகின்றன. பொழுது புலர்வதற்குள் இட்டலியும் வடையும் நிறைந்த பெரிய பாத்திரமும், சட்னி வாளியும், ‘பாம் பாம்’ என்று ஒலிக்கும் ரப்பர்க் குமிழ் ஊதலுமாகச் சைக்கிள்கள் நகரெங்கும் பரவுகின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மற்ற தென் மாவட்டங்களிலிருந்தும் வந்தோர் பலர் இத்தொழிலால் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அப்பிள்ளைகளில் சிலர் இவ்விதழைப் படிக்கிறார்கள் என்று நம்புகிறோம்.

இவர்களுடைய தொழிலைச் சட்டம் எவ்வாறு கண்டது? 1985ஆம் ஆண்டு ஜூலையில், பம்பாய் ஹாக்கர்ஸ் யூனியன் வழக்கில் உச்சநீதிமன்றம், தெரு வியாபாரம் செய்யும் பகுதி, செய்யாத பகுதி என நகரைப் பிரிக்கும் முறையை ஏற்றது. 1989ஆம் ஆண்டில், தில்லியைச் சேர்ந்த சோடன் சிங் வழக்கில் ஐவர் அடங்கிய அரசியல் சாசன அமர்வு, தெருவில் வாணிபம் செய்வதும் சாசனத்தின் 19ஆம் விதி தரும் தொழில் உரிமையில் அடங்கும். ஆயின் அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று தீர்ப்பளித்தது. உரிமை உண்டு என்பது இவ்வாறு உறுதியாயிற்று. கட்டுப்பாடு எவ்வளவு என்பதே பின்னர் எழுந்த கேள்வி.

2003ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், மும்பையைப் பற்றிய மகாராஷ்டிர ஏக்தா ஹாக்கர்ஸ் யூனியன் வழக்கில் உச்சநீதிமன்றம் சில நிபந்தனைகளை விதித்தது. ஒருவருக்கு ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள இடம். காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரையில் மட்டும் விற்பனை. சமைத்த பண்டத்தை விற்கலாம், தெருவில் சமைக்கலாகாது என்பன அவற்றுள் சில. இந்நிபந்தனைகளை நம் வீட்டுக் கண்ணோடு படித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். வீட்டில் வெந்து சைக்கிளில் வரும் இட்டலிக்கு இடமுண்டு. கல்லில் வார்க்கும் தோசைக்கு இடமில்லை. இட்டலியும் இரவு 10 மணிக்கு மேல் கூடாது, விடியுமுன்னும் கூடாது!

பசி 10 மணிக்கு நின்றுவிடுமா? நிற்காது. ஆகவே அடுப்பும் நிற்கவில்லை. அநுமதி மட்டும் நின்றது. இதுதான் தொல்லையின் வேர். அநுமதி இல்லாத நேரத்தில் நடக்கும் தொழிலுக்கு ரசீது இல்லாத கட்டணம் வந்து சேர்கிறது. நாள் தவறாமல் கை நீட்டுவோர்க்குக் கொடுத்தும், என்றோ ஒரு நாள் லாரி வருகிறது. வண்டியும் பாத்திரமும் அதில் ஏறுகின்றன. நகராட்சியின் கருவூலத்துக்குச் சேர வேண்டிய கட்டணம் சேரவில்லை. விற்பவருக்குப் பாதுகாப்பும் இல்லை. உண்பவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க வழியும் இல்லை. நேரத்தை மறுத்ததால் இரவு வாணிபம் ஒழியவில்லை, ஒழுங்குதான் ஒழிந்தது.

சுவருக்கு ஒரு நீதியும் வண்டிக்கு ஒரு நீதியும் இருத்தல் இன்னும் வருந்தத்தக்கது. கடைகள் நாள் முழுவதும் திறந்திருக்க மகாராஷ்டிர மாநிலத்தின் 2017ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் இடம் தந்தது. அதையொட்டி 2020ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், குடியிருப்பு அல்லாத பகுதிகளில் உள்ள பெரிய வணிக வளாகங்களும், மதில் சூழ்ந்த பழைய ஆலை வளாகங்களும் இரவு முழுவதும் இயங்கலாம் என்று மும்பையில் அறிவிக்கப்பட்டது. இரவு நகரத்துக்கு நல்லது. வேலை பெருகும் என்று அப்போது சொன்னார்கள். அது உண்மையே. ஆனால் குளிர்சாதன மண்டபத்தில் உண்பவருடைய இரவு நல்லதாக இருக்க, ரயில் நிலைய வாசலில் உண்பவருடைய இரவு மட்டும் ஏன் குற்றமாக வேண்டும்?

புதிய சட்டமும் பழைய தாமதமும்

தெரு வியாபாரிகளின் வாழ்வைப் பாதுகாத்து ஒழுங்கு செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றி, 2014ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. இரவுக் கடைக்காரர் அறிய வேண்டிய சில செய்திகள் அதில் உள்ளன.

நகரம் ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் வியாபாரிகளைக் கணக்கெடுத்தல் வேண்டும். கணக்கெடுத்துச் சான்று வழங்கி முடியும் வரையில் எவரையும் அப்புறப்படுத்தலாகாது. நகர மக்கள் தொகையில் இரண்டரை விழுக்காடு வரையில் வியாபாரிகளுக்கு இடமளிக்கலாம். இவற்றை நடத்த ‘நகர விற்பனைக் குழு’ ஒன்று இருக்கும். ஆணையரோ தலைமை அதிகாரியோ அதன் தலைவர். உறுப்பினரில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாதோர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். போலீசாரும், மருத்துவ அதிகாரியும், குடியிருப்போர் சங்கத்தாரும் அதே மேஜையைச் சுற்றி அமர வேண்டும். வண்டிக்காரரும் அவரை விரட்டுபவரும் ஒரே மேஜையில் அமர்வது இந்நாட்டுக்குப் புதிது.

வாங்குவோரும் விற்போரும் வழிவழியாகக் கூடும் இடத்தை ‘இயற்கைச் சந்தை’ என்று சட்டம் ஏற்கிறது. அவ்வாறு கணக்கெடுப்பில் கண்ட சந்தையை விற்பனை கூடாத பகுதியாக அறிவிக்கலாகாது. மாணெக் சௌக்கும் சராபாவும் எத்தகைய இடங்கள் என்பதை அறிந்தே எழுதியது போன்றது இவ்விதி. இதைவிட முக்கியமான சொல் ஒன்று சட்டத்தில் இருக்கிறது. ஓரிடத்தை நேரம் பகிர்ந்து பயன்படுத்தும் வியாபாரி, தம் நேரம் முடிந்ததும் நாள்தோறும் பொருள்களை அகற்றிவிட வேண்டும் என்பது அது. அவ்விதி ஒரு கடமையைத்தான் கூறுகிறது. ஆனால் அக்கடமைக்குள்ளே ஓர் உரிமை அடங்கியிருக்கிறது. நேரம் முடியும்போது அகல வேண்டும் என்றால், நேரம் என்று ஒன்று வகுக்கப்பட்டிருக்க வேண்டும் அன்றோ?

இரவுக்குப் பொருந்தாத விதியும் உண்டு. பறிமுதல் செய்யும்போது பொருள்களின் பட்டியலைக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கெட்டுப்போகாத பொருள்களை இரண்டு வேலை நாட்களுக்குள்ளும், கெட்டுப்போகும் பொருள்களை உரியவர் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். காய்கறிக்காரருக்கு இது நன்மை. இரவு பதினொன்றரை மணிக்குச் சட்டியோடு சாம்பாரை இழந்தவர் யாரிடம் சென்று கேட்பார்? அலுவலகம் திறக்கும்போது சாம்பார் புளித்திருக்கும். பகலை நினைத்து எழுதிய விதி இரவில் பாதி பயனே தருகிறது.

மும்பையில் இச்சட்டம் எவ்வளவு தூரம் நடந்தது? 2011ஆம் ஆண்டு மக்கள் தொகை சுமார் 1 கோடியே 24 லட்சம். இரண்டரை விழுக்காடு என்றால் 3 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோருக்கு இடமுண்டு. 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 99 ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. பத்தாண்டுகள் கழித்து, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் விற்பனைக் குழுக்களுக்குத் தேர்தல் நடந்தபோது, வாக்காளராகத் தகுதி பெற்றோர் 32 ஆயிரத்துச் சொச்சம் பேரே. மற்றவர் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. அதே தெருவில்தான் நிற்கிறார்கள். ஏட்டில் மட்டும் இல்லை.

ஏட்டில் ஏறாமற்போனதற்குப் பல காரணங்கள். அவற்றுள் ஒன்று நம் போன்ற குடியேறியோரை நேராகத் தாக்குவது. மகாராஷ்டிரத்தில் வியாபாரிகளிடம் குடிவாசச் சான்று கேட்கப்பட்டது. அதைப் பெற மாநிலத்தில் பதினைந்து ஆண்டு வாழ்ந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். இருபது ஆண்டு தெருவில் நின்றவருக்கும், வாடகைச் சீட்டும் மின்கட்டண ரசீதும் தம் பெயரில் இல்லாவிட்டால், அந்த இருபது ஆண்டும் இல்லாதனவாகிவிடுகின்றன. அவருடைய வாடிக்கையாளருக்கு அவரைத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது.

சான்றின் மதிப்பு சிறிதன்று. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அரசு தொடங்கிய ‘ஸ்வநிதி’ திட்டத்தில் பிணையின்றி முதற் கடனாகப் பத்தாயிரம் ரூபாய் தரும்போது, விற்பனைச் சான்றோ உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ தேவைப்பட்டது. சான்று பெற்றவர் இறந்தால், அதன் காலம் முடியும் வரையில் மனைவியோ சார்ந்திருக்கும் பிள்ளையோ அவ்விடத்தில் தொழில் நடத்தலாம் என்று சட்டம் கூறுகிறது. ஒரு குடும்பம் நடுத்தெருவில் நிற்பதற்கும் நடுத்தெருவிலேயே நிமிர்ந்து நிற்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

உறங்குவோரின் உரிமை

இதுவரையில் விற்போர் பக்கமும் உண்போர் பக்கமும் நின்று பேசினோம். உறங்குவோரும் இருக்கிறார்கள். தெருவின் மேல் மாடியில் குடியிருப்பவர் நம்மவராகவும் இருக்கலாம். காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் நள்ளிரவில் ஜன்னலுக்குக் கீழே மோட்டார் சைக்கிள் உறுமினால் அது துன்பமே. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை என்று இரவுப் பொழுதை வரையறுத்து, அந்நேரத்தில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. தெருவில் எரியும் வாயு அடுப்பும், சாக்கடையில் கொட்டும் எண்ணெயும், ஆம்புலன்ஸ் நுழைய முடியாத நடைபாதையும் பொய்க் குறைகள் அல்ல.

ஆகையால் இரவு முழுவதும் எவரும் எங்கும் எதையும் விற்கலாம் என்று நாம் கூறவில்லை. மாணெக் சௌக்கும் சராபாவும் நமக்குப் புகட்டும் பாடம் வேறு. அவ்விரண்டும் பகலில் வாணிபம் நடந்து இரவில் கதவடைக்கும் தெருக்கள். ஒரே இடம் இருவேறு நேரங்களில் இருவேறு மக்களுக்குப் பயன்படலாம் என்பதே அவற்றின் இரகசியம். ஒவ்வொரு நகரிலும் இத்தகைய தெருக்கள் உள்ளன. மாலையில் அடங்கும் மொத்த வியாபாரத் தெரு, இரவில் ஆளில்லாத அலுவலகப் பகுதி, ரயில் நிலையத்தை அடுத்த வெற்றிடம், சந்தை கலைந்த மைதானம் ஆகியவற்றைத் தேடிக் கண்டு, இரவுக்கென ஒதுக்குவதில் தடை என்ன?

உள்ளாட்சி மன்றம் விற்பனைக் குழுவின் பரிந்துரையோடு ஐந்தாண்டுக்கு ஒரு முறை விற்பனைத் திட்டம் வகுக்க வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. அத்திட்டத்தில் இடம் குறிப்பது போலவே நேரமும் குறிக்கப்பட வேண்டும் என்பது நம் கோரிக்கை. ‘இத்தெரு, இரவு எட்டு முதல் ஒரு மணி வரை, இத்தனை அடுப்பு’ என்று சான்றிலேயே எழுதட்டும். குழாய்த் தண்ணீரும் விளக்கும் கழிப்பிடமும் தந்து, அதற்குரிய கட்டணத்தை ரசீதோடு வாங்கட்டும். தீயணைப்பு வண்டி நுழையும் வழியைக் கோடிட்டுக் காட்டட்டும். ஒரு மணிக்குக் கடை கலைந்ததும் பெருக்க ஆள் வரட்டும். மீறியவருக்கு அபராதம் விதிக்கட்டும். எழுதிய நேரத்துக்குள் நிற்பவரை மட்டும் எவரும் தீண்டாதிருக்கட்டும். அகமதாபாத்தின் காங்கரியா ஏரிக்கரைக் கடைகள் 2018ஆம் ஆண்டில் நாட்டின் முதல் தூய தெருவுணவு மையமாக உணவுப் பாதுகாப்பு ஆணையத்தால் ஏற்கப்பட்டன. தண்ணீரும் பயிற்சியும் கண்காணிப்பும் தந்தால் தெருவுணவும் தூயதாக இருக்கும் என்பதற்கு அது சான்று.

நாம் செய்யத்தக்கவை

அரசும் நகராட்சியும் செய்ய வேண்டியதைச் சொன்னோம். நம் சங்கங்களும் குடும்பங்களும் செய்யத்தக்கவையும் உண்டு.

முதலாவது, காகிதம். நம்மவரில் இத்தொழில் செய்வோர், வாடகைச் சீட்டு, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, நகராட்சி விதித்த பழைய அபராத ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். அபராத ரசீதைக் கிழித்தெறிவோர் பலர். அது அவமானச் சீட்டு அன்று. இன்ன ஆண்டில் இன்ன தெருவில் இவர் தொழில் செய்தார் என்று நகராட்சியே எழுதித் தந்த அத்தாட்சி. இரண்டாவது, பதிவு. உணவுப் பொருள் விற்போர் எவ்வளவு சிறியவராயினும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தல் வேண்டும். அதற்கான கட்டணம் சிறிதே. மூன்றாவது, வாக்கு. விற்பனைக் குழுவுக்குத் தேர்தல் வரும்போது, பெண்களுக்குரிய இடங்களில் இட்டலி விற்கும் நம் சகோதரியரும் போட்டியிடத் தயங்கலாகாது.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் அவ்வம்மாநில மொழியிலேயே இருக்கின்றன. மராத்தியோ குஜராத்தியோ இந்தியோ எழுதத் தெரிந்த நம் இளைஞர்கள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து நான்கு பேருக்கு விண்ணப்பம் எழுதித் தந்தால், பொங்கல் விழாவுக்கு நிகரான தமிழ்ப்பணி அது. உதவி நாடி வருபவர் தமிழரா என்று கேட்க வேண்டியதும் இல்லை. இரவில் நமக்குத் தேநீர் தந்தவர் நம்மை அவ்வாறு கேட்டதில்லை.

உண்ணச் செல்வோருக்கும் ஒரு சொல். நள்ளிரவில் கடைக்குச் சென்றால் வண்டியின் என்ஜினை நிறுத்துங்கள், குரலைத் தாழ்த்துங்கள், தட்டையும் காகிதத்தையும் தொட்டியில் இடுங்கள். மேல் மாடியில் உறங்குபவர் எழுதும் புகாரில் நம் இரைச்சலின் பங்கு பெரிது. ஆனால் லாரியில் ஏறுவது நம் வண்டியன்று, அவருடைய வண்டி.

அகமதாபாத்துக்கோ இந்தூருக்கோ செல்லும் வாய்ப்பு நம் நேயர்களுக்குக் கிடைத்தால், பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் அக்கடைத்தெருக்களைச் சென்று பாருங்கள். திரும்பி வந்து, உங்கள் ஊரில் அவ்வாறு இரவில் பயன்படத்தக்க தெரு எது என்று எண்ணி, உங்கள் சங்கத்தின் வாயிலாக நகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். கையெழுத்திடுவோரில் கடைக்காரரும், உண்பவரும், மாடியில் உறங்குபவரும் ஆகிய மூவரும் இருந்தால் அவ்விண்ணப்பத்தை எளிதில் ஒதுக்க முடியாது.